மெழுகுதிரி ஏற்றி விளையாடிய கேம்

கல்லடியில் மாமி வீட்டில் ஒரு பழைய நின்டெண்டோ வீ இருக்கிறது; ரிமோட்டைக் கையால் வீசி ரீவியில் விளையாடும் கேம் பெட்டி. இதைப் பார்த்துத்தான் சோனியும் மைக்ரோசாப்டும் கொப்பி அடித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. போன லீவில் போய்ப் பார்த்தால், ரீவிக்கு மேல் வைக்கும் 'சென்சர் பார்' பட்டையின் வயரை எலி கடித்துவிட்டது. "இனி ஏலா மச்சான்" என்றான் மாமியின் மகன். கரண்ட் போனால் கொளுத்த வைத்திருந்த மெழுகுதிரி இரண்டை எடுத்து, ஒரு சாண் இடைவெளியில் ரீவிக்கு முன்னால் ஏற்றினேன். ரிமோட்டை நீட்டியதும் திரையில் கை அடையாளம் வந்து நின்றது.

மந்திரம் ஒன்றுமில்லை. பெயர்தான் சென்சர் பார். அது எதையும் உணர்வதில்லை. இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். கண் இருப்பது ரிமோட்டின் மூக்கில். அந்தச் சின்னக் கமரா இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்து, தான் எங்கே நீட்டப்படுகிறது என்று கணக்குப் போடுகிறது. மெழுகுதிரிச் சுடரிலும் அகச்சிவப்பு தாராளமாக உண்டு.

வீசுவதை உணர்வது வேறொரு சிப். பஸ் சடாரென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கன் துண்டு ஒன்று நுண்ணிய சுருள்களில் தொங்குகிறது. ரிமோட் வேகம் மாறும்போது அது கொஞ்சம் பின்தங்கும். பக்கத்தில் இருக்கும் சீப்புப் பற்களுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அந்த மாற்றம் மின்சைகையாகிறது. ஆர்முடுகலை அளக்கும் இந்தச் சிப்புகள் 1990களில் காரின் ஏர்பேக்குக்காகப் பெருமளவில் செய்யப்பட்டு, விலை இறங்கியவை. எந்தக் கம்பனியும் வாங்கலாம்.

சரி, கொப்பி அடித்தது யார்? நின்டெண்டோ தன் ரிமோட்டை 2005 செப்டெம்பரில் காட்டியது. 2006 மே மாதம் சோனி, அசைவை உணரும் சிக்ஸாக்சிஸ் கொன்ட்ரோலரை அறிவித்தது. எட்டு மாதம்! சந்தேகம் வராமல் இருக்குமா? எனக்கும் வந்தது.

ஆனால் 2010இல் சோனி விட்ட மூவ் என்ற கொன்ட்ரோலர் வேறு கதை. வெளியே பார்த்தால் அதே கைத்தடி; உள்ளே எல்லாம் தலைகீழ். வீயில் கண் கையில், விளக்கு ரீவியில். மூவில் ஒளிரும் பந்து கையில், கமரா ரீவியில். பந்து எப்பக்கம் திரும்பினாலும் வட்டமாகவே தெரியும். வட்டம் பெரிதானால் கை கிட்ட வந்திருக்கிறது. கமரா முன்னால் ஆடும் விளையாட்டை சோனி 2003இலேயே ஐடோய் என்று விற்றிருந்தது. அதே 2010இல் வந்த மைக்ரோசாப்டின் கினெக்ட், கையில் எதையும் தருவதில்லை. அறை முழுக்க அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, அவை விலகுவதை வைத்துத் தூரம் கண்டுபிடித்தது. அந்த நுட்பம் பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் கம்பனியுடையது. வீ விற்ற விற்பனையைக் கண்டு ஆசைப்பட்டிருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. கணக்கு ஆசிரியர் கொப்பியைப் பிடிப்பது விடையை வைத்தல்ல, செய்கையை வைத்துத்தானே.

இதையெல்லாம் சொன்னதும் மச்சான் ரிமோட்டைக் கிடையாகப் பிடித்து இடம் வலமாக மெல்லத் திருப்பினான். ஆர்முடுகலை அளக்கும் சிப்புக்கு இது பிடிபடாது. புவியீர்ப்பு இழுக்கும் பக்கம் மாறவில்லையே. அதற்குத் திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் வேண்டும். நின்டெண்டோ அதை மோஷன்பிளஸ் என்று தனியாக மாட்டக் கொடுத்தது 2009இல். சிக்ஸாக்சிஸில் 2006இலேயே ஒன்று இருந்தது.

"அப்ப இது ஆர்ர கொப்பி?" என்றான். அதற்குள் மாமி ஃபேனைப் போட்டார். சுடர் ஆடியது, திரையில் கையும் ஆடியது.