ராஜதந்திரமா, தூதாண்மையா?

ஒரு நாட்டின் தலைவர் வர்த்தக ஒப்பந்தங்களில் கையெழுத்திடவும் நட்புறவை வலுப்படுத்தவும் இன்னொரு நாட்டுக்குப் புறப்படும் போதெல்லாம், ‘ராஜதந்திரப் பயணம்’ என்ற தொடர் செய்திகளில் தவறாமல் வந்துவிடுகிறது. மெய்ப்புத் திருத்துவதே பிழைப்பாகிவிட்ட எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும். வழக்கில் ஊன்றிவிட்ட சொல் என்று விட்டுவிடுவேன். அண்மையில் வந்த ஒரு மெய்ப்புத் தாளை அப்படி விட முடியவில்லை. ‘ராஜதந்திர ரீதியிலான பேச்சுவார்த்தை’ என்று இருந்ததை, வடசொல்லைக் களையும் ஆர்வத்தில், புதிதாகப் பணிக்கு வந்த இளைஞர் ஒருவர் ‘அரசச் சூழ்ச்சி முறையிலான பேச்சுவார்த்தை’ என்று அடித்துத் திருத்தியிருந்தார். இரண்டு நாட்டு அமைச்சர்கள் இறக்குமதி வரியைக் குறைப்பது பற்றிப் பேசிய செய்தி அது. கேட்டபோது, “தந்திரம் என்றால் சூழ்ச்சிதானே, ஐயா?” என்றார். அவர்மேல் குற்றமில்லை, அந்தச் சொல் அவருக்குத் தந்த பொருள் அதுதான்.

நாம் ‘ராஜதந்திரம்’ என்று பெயர்க்கும் ‘டிப்ளமசி’ என்ற ஆங்கிலச் சொல்லில் அரசனும் இல்லை, தந்திரமும் இல்லை. கிரேக்க மொழியில் ‘டிப்ளோமா’ என்றால் இரண்டாக மடித்தது என்று பொருள். மடித்துக் கொடுக்கப்பட்ட அரசு ஆவணத்துக்கு அது பெயராகி, இலத்தீனம், பிரெஞ்சு வழியாக வந்து, நாடுகளுக்கிடையே உறவாடும் கலையைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றது. கல்லூரிகள் தரும் டிப்ளமோ பட்டயமும் இதே வேரில் கிளைத்ததுதான்.

‘ராஜதந்திரம்’ என்பதற்காக வாதாடுவோர் சொல்வது இது: வடமொழியில் ‘தந்திரம்’ என்பது நெசவின் பாவைக் குறித்து, பின்னர் ஒழுங்கமைவு, நூல், ஆட்சிமுறை என்று விரிந்த மேன்மையான சொல், திருமூலர் தம் திருமந்திரத்தை ஒன்பது தந்திரங்களாக வகுத்தபோது ஏமாற்று வேலையையா கருதினார்? நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு சொல்லின் பொருள் அது பிறந்த இடத்தில் இருப்பதில்லை. இன்று அதைக் கேட்பவரின் மனத்தில்தான் இருக்கிறது. இன்றைய தமிழில் நரிக்குத்தான் தந்திரம் உண்டு. ‘தந்திரக்காரன்’ என்று யாரையும் பாராட்டிச் சொல்வதில்லை. மேடைகளில் ஓர் அரசியல்வாதியை ‘ராஜதந்திரி’ என்று புகழும்போதுகூட, எதிரியை வாயடைக்கச் செய்யும் காய்நகர்த்தலைத்தான் மெச்சுகிறோமே தவிர, அயல்நாட்டோடு உடன்படிக்கை பேசும் திறத்தை அல்ல.

இதை வடமொழி வெறுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இளைஞர் போட்ட ‘சூழ்ச்சி’ தூய தமிழ்ச்சொல்தான்; அதுவும் முன்பு நல்ல பொருளில் வழங்கியதுதான். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று வள்ளுவர் சொல்லும்போது அது ஆழ்ந்த ஆலோசனையைக் குறித்தது. இன்று அதே பொருளில் ஓர் அமைச்சரைச் ‘சூழ்ச்சியாளர்’ என்று எழுதிவிட்டு வீடு திரும்ப முடியுமா? தமிழ்ச்சொல்லுக்கு நாம் காட்டாத சலுகையை வடசொல்லுக்கு மட்டும் காட்டச் சொல்வதில் என்ன முறை இருக்கிறது? ‘ராஜ’ என்பதை ‘இராச’ என்றும் ‘அரச’ என்றும் மாற்றி எழுதித் தனித்தமிழ்க் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களிடமும் எனக்கு இதே வருத்தம் உண்டு. சிக்கல் முன்பாதியில் இல்லை. அவர்கள் தொடாமல் விட்ட பின்பாதியில் இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இலங்கைத் தமிழில் ‘ராஜதந்திரி’ என்பது வெளிநாட்டுச் சேவையில் இருக்கும் அலுவலரையே குறிக்கும். தமிழ்நாட்டில் அது அரசியல் மதியூகியைக் குறிக்கும். ‘மூன்று ராஜதந்திரிகள் வெளியேற்றப்பட்டனர்’ என்ற ஒரே தலைப்பு, கடலின் இருகரையிலும் இருவேறு செய்தியாகிறது.

சரியான சொல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தலைவன் வீட்டைப் பிரிந்து செல்லும் காரணங்களில் ஒன்றாகத் தூதையும் வைத்து, ‘ஓதல் பகையே தூது இவை பிரிவே’ என்கிறது தொல்காப்பியம். திருக்குறளின் 69ஆம் அதிகாரமே ‘தூது’. அங்கே தூதருக்கு இன்றியமையாதவை மூன்று: அன்பு, அறிவு, ஆராய்ந்த சொல்வன்மை. அன்பு முதலில் நிற்பதைக் கவனியுங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, எண்ணெய் பூசிப் பீலி சூட்டிக் காவலில் வைத்திருந்த படைக்கலங்களைப் பார்த்து, எங்கள் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றார். அதில் கூர்மையான சாதுரியம் உண்டு. பொய் ஒன்றும் இல்லை.

இந்தத் ‘தூது’ என்பதோடு ‘ஆண்மை’ சேர்த்தால் ‘தூதாண்மை’. வேளாண்மை, தாளாண்மை என்று குறளிலேயே உள்ள அமைப்பு இது. மேலாண்மை, கூட்டாண்மை என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘தூது’ என்பதும் வடசொல்தானே என்று தூய்மை பேசும் நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கட்டும். தொல்காப்பியக் காலம் முதல் தமிழில் புழங்கி, பொருள் திரியாமல் நிற்கும் சொல்லை அந்நியம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வலுவான மறுப்பு வேறு: தூதன் என்றால் பிறர் சொன்னதைக் கொண்டு செல்பவன்; நாட்டின் தலைவரே நேரில் போனால் அது எப்படித் தூதாகும்? குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதற்குப் பாதி விடை தந்திருக்கிறார். தூதரை ‘வகுத்துக் கூறுவான்’, ‘கூறியது கூறுவான்’ என்று இரண்டாகப் பிரித்து, தானே சிந்தித்து முடிவெடுத்துப் பேசுபவருக்கும் அதில் இடம் வைக்கிறார். மீதி விடை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது: ஆய்ச்சியர் குரவையில் ‘பஞ்சவர்க்குத் தூது நடந்தானை’ என்று, பாண்டவர் ஐவருக்காகத் தூது போனவனாகப் பாடப்படுபவன் கண்ணன். தலைவனே நடந்தாலும் தமிழில் அது தூதுதான்.

தூது போருக்கும் சமாதானத்துக்கும் மட்டும் உரியது, வணிகம் அதில் அடங்காது என்பாரும் உண்டு. குலோத்துங்கன் காலத்தில், 1077இல், சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் சென்றது; கொண்டுபோன பொருள்களுக்கு ஈடாகச் செப்புக் காசுகளைப் பெற்றுத் திரும்பியது. தூதாண்மை உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும், பொருளாதார உறவை வளர்ப்பதைத் தூதுப் பணிகளில் ஒன்றாக மூன்றாம் உறுப்பில் சொல்கிறது. தூதர் தாம் இருக்கும் நாட்டின் நிலைமைகளைச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் மட்டுமே அறிய வேண்டும் என்பதும் அதே உறுப்புதான். அந்த உடன்படிக்கையை ‘ராஜதந்திர உறவுகள்’ என்று பெயர்ப்பவர்கள், அது விலக்குவதையே அதன் தலைப்பில் எழுதுகிறார்கள்.

‘தூதரக உறவு’ என்று எழுதித் தப்பிப்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. தூதரகம் ஒரு கட்டடம், ஓர் அலுவலகம். ‘தூதரகப் பயணம்’ என்றால் கடவுச்சீட்டோடு விசாவுக்குப் போய் வரிசையில் நிற்பதாகத்தான் தோன்றும். ‘அரசுமுறைப் பயணம்’ நல்ல சொல்தான், ஆனால் அது அழைப்பும் அணிவகுப்பும் விருந்துமாக நடக்கும் முறையான வருகைக்கு உரியது. ஒரு பகலில் பேச்சு முடித்துத் திரும்பும் பயணத்துக்கெல்லாம் அதைப் போட்டால் அந்த வேறுபாடு அழிந்துபோகும். மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் அது பொருந்துகிறதா என்று திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

அந்த மெய்ப்புத் தாளில் ‘சூழ்ச்சி’யை அடித்துவிட்டு, ‘வரிக் குறைப்புப் பற்றி இரு நாட்டு அமைச்சர்களும் தூதாண்மை வழியில் பேசினர்’ என்று எழுதிக் கொடுத்தேன். இளைஞர் படித்துவிட்டு, “அப்படியென்றால் ராஜதந்திரம் என்ற சொல்லே வேண்டாமா?” என்று கேட்டார். வேண்டும் என்றேன்; உள்நாட்டு அரசியலில் காய்நகர்த்தும் தலைவரைப் பற்றி எழுதும்போது அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.