நியூரோடைவர்ஜென்ட்: சொல்லும் அதற்கேற்ற தமிழும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால் பேச்சில் ‘நியூரோடைவர்ஜென்ட்’ என்ற சொல் வந்துவிடும். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனத்தை நிறுத்துவதிலும் துறுதுறுப்பை அடக்குவதிலும் சிரமம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), டூரெட் (தன்னையறியாமல் வரும் அசைவும் ஒலியும்) என்று தனித்தனிப் பெயர்களில் இருப்பவற்றை ஒரே குடைக்குள் கொண்டுவரும் சொல் இது. பெரும்பாலானவர்களின் மூளை இயங்கும் விதத்திலிருந்து மாறுபட்டு இயங்கும் மூளை உடையவர் என்பது பொருள். இது நோயின் பெயர் அல்ல. மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் சொல்லும் அல்ல.

‘நியூரோ’வுக்கு வேர், கிரேக்கத்தின் நியூரோன். தசைநாணுக்கும், அதை முறுக்கிச் செய்த கயிற்றுக்கும் வழங்கிய சொல் பிற்பாடு உணர்வு நரம்பைக் குறிக்க வந்தது. தமிழ் ‘நரம்பு’ம் யாழில் கட்டியதையும் உடம்பில் ஓடுவதையும் சேர்த்தே குறித்த சொல்தான். பின்பாதி லத்தீன்: ‘வெர்கெரே’ என்றால் சாய்தல், திரும்புதல், முன்னொட்டு ‘வெவ்வேறாக’ என்ற பொருளைச் சேர்க்கிறது. கிளம்பிய இடம் ஒன்றாக இருந்தும் வேறு பக்கம் சாய்ந்து போகும் வழி. குறை, கோளாறு என்ற பொருள் வேரில் எங்கும் இல்லை.

இதற்கு மூத்த சொல் ஒன்று உண்டு, நியூரோடைவர்சிட்டி. மனித மூளைகள் பல விதமாக இயங்கும் பன்மை என்பது பொருள். பல்லுயிர்ப் பன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வார்த்தது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998-இல் தம் பட்ட ஆய்வேட்டில் அதைக் கையாண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹார்வி ப்ளூம் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். உருவாக்கியவர் என்ற பெயர் நெடுங்காலம் சிங்கருக்கே இருந்தது. 1990-களின் நடுவில் ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் தமக்குள் பேசிப் பேசி உருவாக்கிய கருத்து அது, ஒருவர் பெயரில் எழுதக்கூடாது என்று அத்துறை ஆய்வாளர்கள் சிலர் 2024-இல் சுட்டிக்காட்டினார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ‘நியூரோடைவர்ஜென்ட்’ என்பதை 2000-ஐ ஒட்டி உருவாக்கியவராக அறியப்படுபவர் அமெரிக்கச் செயல்பாட்டாளர் காசியேன் அசாசுமாசு. வலிப்பு உள்ளவர் உட்படப் பலரையும் உள்ளே அழைக்கத்தான் அவர் அதை உருவாக்கினார். ஆட்டிசத்துக்கு இடக்கரடக்கலாக மட்டும் அதைப் பயன்படுத்துவது சொல்லைச் சுருக்குவதாகும்.

இந்த இரண்டு சொற்களையும் குழப்பாதவர் குறைவு. ‘என் பிள்ளை நியூரோடைவர்ஸ்’ என்கிறார்கள். தனி ஒருவர் பன்மையாக இருக்க முடியாது. பன்மை என்பது கூட்டத்துக்கு உரியது. தாயம் விளையாட நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். தன் முறை வரும்வரை காத்திருப்பதே ஒரு பிள்ளைக்கு வதை. இன்னொருத்திக்கு, விதி நடுவில் மாறாது என்பதே பெரிய நிம்மதி. பாட்டி இரக்கப்பட்டு ஒரு வெட்டை விட்டுக்கொடுத்தால் அவளுக்கு ஆட்டமே கெட்டுவிடும். அப்பாவுக்கு எதுவும் ஒரு பொருட்டில்லை. இங்கே அந்தப் பிள்ளைகள் இருவரும் டைவர்ஜென்ட். கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பம் டைவர்ஸ்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நரம்பியல் பன்மை’, ‘நரம்பியல் மாறுபாடு’ என்று எழுதுகிறார்கள். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் நம் ஊரில் நரம்பு என்றதும் நினைவுக்கு வருவது சுவரெல்லாம் விளம்பரமாக இருக்கும் நரம்புத் தளர்ச்சி. டைவர்ஜென்ட் என்பதற்கு ‘விலகல்’ என்று எழுதினால் ஏதோ தப்பு செய்து விலகியதுபோலத் தொனிக்கிறது. இன்னும் மோசம், ஆட்டிசத்துக்கு அரசு வழக்கில் இருந்துவரும் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’. பக்கத்து அறையில் மின்விசிறி சத்தம் மாறியதைக்கூடக் கவனித்துவிடும் பிள்ளைக்கு இந்தப் பெயர்! ‘மதியிறுக்கம்’ அதைவிடத் தேவலை; ஆனால் அது ஆட்டிசத்துக்கு மட்டும் ஆனது.

நான் பயன்படுத்துவது ‘மூளைவாகு’. உடல்வாகு என்ற சொல் எல்லோர் வாயிலும் இருப்பது. ஒல்லி, குண்டு, நெட்டை எல்லாம் உடல்வாகு; அதில் நோய் என்ற பேச்சே எழாது. அதே வழியில் நியூரோடைப் என்பது மூளைவாகு. நியூரோடைவர்ஜென்ட், மாறுபட்ட மூளைவாகு உள்ளவர். நியூரோடைவர்சிட்டி, மூளைவாகுப் பன்மை. நியூரோடிபிக்கல், பெரும்பான்மை மூளைவாகு. ‘இயல்பானவர்’ என்று எழுதினால் மற்றவர் இயல்பில்லாதவர் ஆகிவிடுவார். ‘வாகாக உட்கார்’ என்று சொல்லும்போது வசதி என்ற பொருளும் கிடைக்கிறது. வீட்டில் பாடம் நடத்தும்போது நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிப்பதில்லையே.

மாறுபாடு குறையாகாது என்பதை ஆடுபுலி ஆட்டம் நன்றாகக் காட்டும். ஒரு பக்கம் மூன்று புலி, மறுபக்கம் பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆட்டால் அது முடியாது. ஆடுகள் சேர்ந்து நின்று அடைத்துவிட்டால் புலிக்கு நகர இடமில்லை. ஆட்டைக் ‘குறைபாடுள்ள புலி’ என்று யாரும் சொல்வதில்லை. அதே சமயம், தாண்ட முடியாததால் ஆட்டுக்கு இழப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ‘இது குறையல்ல, வரம்’ என்று ஒரேயடியாகப் பேசுபவர்கள் மறப்பது இதைத்தான். பேச்சே வராத, நாள் முழுக்க ஒருவர் துணை தேவைப்படும் பிள்ளைகளும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல்லும் தெளிவுபட வேண்டும். பெற்றோர் தாமே தேர்ந்து நடத்தும் ஹோம்ஸ்கூலிங்கை ‘இல்லக்கல்வி’ என்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த வீட்டுவழிக் கல்வி வேறு. கடுமையான மாற்றுத்திறனோ பல்வகை மாற்றுத்திறனோ உள்ள பிள்ளைகள் அதைக் கேட்கலாம். இல்லக்கல்விப் பிள்ளைகள் பலர் 14 வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுகிறார்கள்.

அப்புறம், விண்ணப்பப் படிவத்தில் மட்டும் ‘மூளைவாகு’ என்று எழுதிவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரமோ எழுத ஆளோ கேட்டால் அலுவலகம் பார்ப்பது பட்டியலில் உள்ள பெயரைத்தான்.