பிராஞ்ச் பேரை கிட் சரி பண்ணிக்கும்னு இன்னும் நம்புறீங்களா?

கிட்னா (Git) கோட்ல பண்ற மாத்தத்தை எல்லாம் பதிஞ்சு வைக்கிற டூல், ரெப்போன்னா ப்ராஜெக்ட் மொத்தமும் இருக்கிற இடம், பிராஞ்ச்னா அதுல தனியா பிரிஞ்சு ஓடுற வேலை. சர்வர்ல இருந்து புதுசை இறக்குறது ஃபெட்ச், நம்மளதை ஏத்துறது புஷ். இந்த மாசத்துல இது மூணாவது கேஸ். "அண்ணா, ஃபெட்ச் அடிச்சாலே 'கேன்னாட் லாக் ரெஃப்'னு எரர் வருது, ரெப்போ கரப்ட் ஆயிருச்சு போல, டிலீட் பண்ணிட்டு திரும்ப க்ளோன் எடுக்கவா?"ன்னு ஒரு தம்பி போன் பண்றான். மேக்கான்னு கேட்டேன், ஆமாங்கிறான். உங்க டீம்ல யாராச்சும் ஃபீச்சர்ங்கிற பேர்ல பெரிய எஃப் (கேபிடல் F) போட்டு பிராஞ்ச் புஷ் பண்ணாங்களான்னு கேட்டேன், சத்தமே இல்ல.

ரெப்போவுக்கு ஒண்ணும் ஆகல தம்பி. சர்வர் லினக்ஸ்ல ஓடுது, அங்க சின்ன எஃப் ஃபீச்சரும் பெரிய எஃப் ஃபீச்சரும் வேற வேற. உன் மேக்ல வழக்கமா ரெண்டும் ஒண்ணுதான், விண்டோஸ்லயும் அப்படித்தான். ரெஃப்னா ஒரு பிராஞ்ச் எந்த கமிட்ல (பதிஞ்சு வச்ச மாத்தத்துல) நிக்குதுன்னு குறிச்சு வைக்கிற பேர், டிஸ்க்ல அது ஒரு ஃபைல், ஒரே ஃபைலுக்கு ரெண்டு பிராஞ்ச் அடிச்சுக்குது, அவ்ளோதான்.

என்னை கடுப்பேத்துறது இது இல்ல. "கிட்தான் பேரை நார்மலைஸ் பண்ணுமே"ன்னு சொல்றாங்க பாருங்க, அதான். பேர் செல்லுமான்னு பாக்குற செக்-ரெஃப்-ஃபார்மேட் கமாண்ட்ல நார்மலைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, வாஸ்தவம். அது என்ன பண்ணும்னா முன்னாடி இருக்கிற ஸ்லாஷை எடுத்துரும், அடுத்தடுத்து நாலு ஸ்லாஷ் இருந்தா ஒண்ணா சுருக்கும், அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. பெரிய எழுத்தை சின்னதாக்காது. ஸ்பேஸ் இருந்தா ஹைஃபன் போட்டுத் தராது, செல்லாதுன்னு சொல்லிட்டு போயிரும். பேர்ல ரெண்டு புள்ளி சேர்ந்து வந்தாலோ, கடைசியில டாட் லாக்னு முடிஞ்சாலோ அதே கதிதான். தமிழ்ல பேர் வச்சா இன்னும் கூத்து, "கொ"ங்கிறதை ஒருத்தர் கீபோர்டு 6 பைட்டா அனுப்பும், இன்னொருத்தரது கொம்பையும் காலையும் தனித்தனியா பிரிச்சு 9 பைட்டா அனுப்பும், கண்ணுக்கு ஒண்ணுதான், கிட்டுக்கு ரெண்டு பிராஞ்ச். இப்படி பிரிஞ்சு வர்றதை சேர்த்துக்க மேக்குக்கு மட்டும் 2012ல ஒரு செட்டிங் கொண்டு வந்தாங்க, லினக்ஸ்ல அது கிடையாது.

இந்த பெரிய எஃப் குழப்பம் எப்படி ஆரம்பிக்குதுன்னா, பிராஞ்ச் பேர்ல ஸ்லாஷுக்கு முன்னாடி இருக்கிறது டிஸ்க்ல ஃபோல்டர் ஆகும், மேக்ல சின்ன எஃப் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும், நீங்க பெரிய எஃப்ல பிராஞ்ச் போடுவீங்க, ஃபைல் போய் பழைய ஃபோல்டர்லயே உக்காரும், ஆனா ஹெட் (நீங்க இப்ப எந்த பிராஞ்ச்ல இருக்கீங்கன்னு கிட் குறிச்சு வைக்கிறது) பெரிய எஃப்னு சொல்லும். பிராஞ்ச் லிஸ்ட்ல இப்ப இருக்கிற பிராஞ்சைக் காட்டுற ஸ்டார் எதுக்குமே காணோம்னா அப்பவே உஷாராகுங்க, புஷ் பண்ணாதீங்க.

மாட்டிக்கிட்டீங்களா? சர்வர்ல ரெண்டுலயும் என்ன கமிட் இருக்குன்னு பாத்து மெர்ஜ் பண்ணிட்டு, தப்பான பேரை புஷ் டிலீட்ல தூக்குங்க, பாக்காம தூக்கி ஒரு வாரத்து வேலையை தொலைச்சவங்க இருக்காங்க. அப்புறம் ப்ரூன் (சர்வர்ல இல்லாத பேரை உங்க பக்கமும் அழிக்கிற ஆப்ஷன்) போட்டு ஃபெட்ச். நல்ல பிராஞ்சும் சேர்ந்து காணாம போன மாதிரி தெரியும், பயப்படாதீங்க, இன்னொரு ஃபெட்ச்ல வந்துரும்.

சர்வர் உங்க கையில இருந்தா தயவுசெஞ்சு அப்டேட் ஹூக் (புஷ் வரும்போது சர்வர்ல தானா ஓடுற ஸ்கிரிப்ட்) ஒண்ணு போடுங்க, பிராஞ்ச் பேர்ல பெரிய எழுத்து வந்தா ரிஜெக்ட். நீங்களா ஸ்கிரிப்ட்ல சத்தமில்லாம சின்ன எழுத்தா மாத்துற வேலை மட்டும் வேணாம், ரெண்டு பேர் பிராஞ்ச் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிரும். 2024ல வந்த கிட் 2.45ல இருந்து ரெஃப்டேபிள்னு ரெஃபை எல்லாம் சேமிக்க வேற ஒரு முறை இருக்கு, ரெஃபுக்கு ஒரு ஃபைல்ங்கிற கதையே அதுல இல்ல, ஆனா உங்க எடிட்டரும் மத்த டூலும் அதைப் படிக்குதான்னு பாத்துட்டு மாறுங்க.

போனை வைக்கப் போற நேரத்துல தம்பி கேக்குறான், "அண்ணா, டேக்குக்கும் இதேதானா?" ஆமாப்பா, டேக்னா ஒரு கமிட்டுக்கு ஒட்டுற லேபிள், அதுவும் ரெஃப்தான். பெரிய வி போட்டு ஒரு ரிலீஸ் டேக், சின்ன வி போட்டு அதே நம்பர்ல இன்னொண்ணு இருக்காம்.