தாய் கிளாஸ் இரண்டானால் பைத்தான் யாரைக் கேட்கும்?

பைத்தான் நிரல்மொழி பற்றிப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு கிளாசுக்கு இரண்டு தாய் கிளாஸ்கள். ஒரே பெயரில் மெத்தட் பல இடங்களில் இருந்தால் எது ஓடும்?"

கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு, மெத்தட் அதற்குள் இருக்கும் செயல். தாய் கிளாஸின் மெத்தடுகள் வாரிசு கிளாசுக்கும் கிடைக்கும். தாய் ஒன்று என்றால் சிக்கலே இல்லை. முதலில் ஆப்ஜெக்டின் சொந்த கிளாஸ், பிறகு அதன் தாய், அதற்கும் தாய். கடைசிவரை கிடைக்காவிட்டால், அப்படியொன்று இல்லை என்று சொல்லும் அட்ரிபியூட் எரர்.

இரண்டு தாய் வந்தால்தான் சுவாரசியம். நம்மூர்ப் பயண அட்டையையே எடுத்துக்கொள்வோம். 'அட்டை' கிளாஸில் 'கட்டணம்' என்ற மெத்தட் முழுத்தொகை பிடிக்கும். அதன் வாரிசுகள் 'மாணவர்', 'மாதச்சலுகை'. மாணவர் பள்ளிப் பெயரை மட்டும் சேர்க்கிறது, கட்டணத்தைத் தொடவில்லை. மாதச்சலுகை கட்டணத்தை 0 ஆக்குகிறது. 'மாணவர்பாஸ்' இரண்டுக்கும் இதே வரிசையில் வாரிசு. (பைத்தான் 3 இந்தத் தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கும்.)

பைத்தான் 2-இன் பழைய பாணி கிளாஸ்கள் இடப்பக்கக் கிளையில் உச்சிவரை ஏறிய பிறகே அடுத்த கிளைக்கு வரும். மாணவர், அட்டை என்று போய் அங்கேயே கட்டணம் கிடைத்துவிடும். மாதச்சலுகைக்குப் பணம் கட்டிய பிள்ளையிடம் பேருந்தில் மறுபடி முழுத்தொகை!

இதைத் தீர்ப்பது சி3 என்ற வழிமுறை. டிலன் என்ற நிரல்மொழிக்காக 1996இல் முன்வைக்கப்பட்டு, 2003இல் பைத்தான் 2.3-க்கு வந்தது. மாணவர்பாஸை முதலில் எழுதிவிட்டு, மூன்று பட்டியல்களை (இரு தாய்களின் வரிசைகள், தாய்களை நீங்கள் எழுதிய வரிசை) ஒன்றாக்க வேண்டும்: [மாணவர், அட்டை], [மாதச்சலுகை, அட்டை], [மாணவர், மாதச்சலுகை]. விதி ஒன்றுதான்: ஒரு பட்டியலின் தலைப்பெயர் வேறெந்தப் பட்டியலிலும் தலைக்குப் பின்னால் நிற்கக்கூடாது, நின்றால் அடுத்த பட்டியலின் தலையைப் பார். மாணவர் தேறுகிறது, எல்லாப் பட்டியலிலிருந்தும் அதை நீக்குகிறோம். அடுத்த தலை அட்டை. ஆனால் இரண்டாம் பட்டியலில் அது மாதச்சலுகைக்குப் பின்னால் நிற்கிறதே! தள்ளிவை. மாதச்சலுகை தேறுகிறது, அதன்பின் அட்டை. கட்டணம் 0. எந்த வாரிசுக்கும் முன்னால் அதன் தாய் வராது. நீங்கள் எழுதிய இடவல வரிசையும் குலையாது. இத்தனை சிறிய விதியிலிருந்து இவ்வளவும் கிடைப்பதுதான் இதன் அழகு.

சில நேரம் எந்தத் தலையுமே தேறாது. ஒரு கிளாஸின் தாய்களை (அட்டை, மாணவர்) என்று எழுதிப் பாருங்கள்: கிளாஸ் உருவாகும்போதே டைப் எரர் என்ற பிழை. அப்போது தாய்களின் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டு, பிழை மறைந்ததும் நகர்ந்துவிடுகிறார்கள் பலர். நிரலாளர்களின் மூடநம்பிக்கை இது. தாய் கிளாஸ் ஒவ்வொன்றிலும், தேடும் வரிசையைத் தரும் எம்ஆர்ஓ (mro) மெத்தடை அழைத்தால் எங்கே மோதுகிறது என்று கண்ணெதிரே வந்துவிடும், ஊகம் எதற்கு?

மெத்தடுக்குள் எழுதும் சூப்பர் (super) என்பதைத் 'தாய் கிளாஸ்' என்று சொல்லிக்கொடுப்பதும் தவறு. அது இந்த வரிசையில் அடுத்து நிற்பவரையே அழைக்கும். மாணவர் கிளாஸில் கட்டணம் எழுதி அதற்குள் சூப்பரை அழைத்தால், மாணவர்பாஸ் ஆப்ஜெக்டில் அது மாதச்சலுகைக்குப் போகும். மாணவரை எழுதியவருக்கு அப்படியொரு கிளாஸ் இருப்பதே தெரிந்திருக்காது! ஆகவே ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் (__init__) மெத்தடில் தனக்குத் தேவையான ஆர்கியுமென்டுகளை, அதாவது உள்ளே தரப்படும் மதிப்புகளை, பெயரிட்டு எடுத்துக்கொண்டு, மீதியை இரட்டை நட்சத்திரக் குறியால் அடுத்தவருக்கு அனுப்புங்கள். நடுவில் ஒரு கிளாஸ் சூப்பரை அழைக்க மறந்தால், அதற்குப் பின்னால் நிற்கும் எவருடைய இனிட்டும் ஓடாது. பிழைச்செய்தி வருவதோ வேறெங்கோ, ஏதோ ஒரு அட்ரிபியூட்டைக் காணோம் என்று.