மிங்ஹுன்: சொல்லும் அதற்கான தமிழும்

இறந்துபோன இருவருக்கு, அல்லது இறந்த ஒருவருக்கும் உயிரோடிருக்கும் ஒருவருக்கும், இரு குடும்பத்தாரும் கூடி முறைப்படி நடத்திவைக்கும் திருமணத்தைச் சீனர்கள் மிங்ஹுன் என்பர். தமிழில் இது 'பேய்த் திருமணம்' என்று எழுதப்படுவதைக் காண்கிறோம். ஆங்கில வழியாக வந்த அந்தப் பெயர், அச்சொல் குறிக்கும் வழக்கத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து.

மிங் என்றால் இருள். அதிலிருந்து இறந்தோர் வாழும் இருண்ட உலகத்தையும் அது குறிக்கலாயிற்று. ஹுன் என்றால் திருமணம். அதன் எழுத்துருவில் பெண்ணைக் குறிக்கும் உறுப்பு ஒன்றும் அந்திப்பொழுதைக் குறிக்கும் உறுப்பு ஒன்றும் இணைந்திருக்கின்றன. கி.பி. 100ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட ஷுவோவென் ஜியேசி என்னும் சீன அகராதி, மணமகளை அந்தி நேரத்தில் அழைத்துவருவதே முறை என்பதால் இப்பெயர் வந்தது என்று விளக்குகிறது. ஆக, மங்கும் ஒளியும் முற்றிய இருளும் இந்தச் சொல்லுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. பேய் என்பதற்கு அதில் இடமில்லை.

இதே வழக்கத்திற்கு யின்ஹுன் என்ற பெயரும் உண்டு. யின் என்பது நிழற்பக்கம், இறந்தோரின் பக்கம். எலும்புகளை ஒரே குழியில் சேர்த்து வைப்பதைப் பெய்கு, அதாவது எலும்பு இணைத்தல், என்பர். க்வெய்ஹுன் என்னும் மற்றொரு பெயரில் வரும் க்வெய் என்ற சொல்லைத்தான் நாம் பேய் என்று பெயர்க்கிறோம். ஆனால் பழைய சீன உரைகள் அச்சொல்லைத் 'திரும்பிச் சென்றவர்' என்று விளக்குகின்றன, ஏறத்தாழ அதே ஒலியுடைய, திரும்புதல் என்னும் பொருள்கொண்ட இன்னொரு சொல்லைச் சுட்டிக்காட்டி. அந்த இன்னொரு சொல்லே பழஞ்சீனத்தில் மணப்பெண் கணவன் வீடு புகுவதையும் குறித்தது என்பதை அறியும்போது, சாவும் மணமும் அம்மொழியில் எவ்வளவு அருகருகே வைத்து எண்ணப்பட்டன என்பது விளங்கும்.

இவ்வழக்கத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு ஒரு தடை. பண்டைச் சீனாவின் சோவ் அரசின் ஆட்சிமுறையை விவரிக்கும் சோவ்லி என்னும் நூல், திருமணங்களைக் கவனிக்கும் அதிகாரி இரண்டு செயல்களைத் தடுக்க வேண்டும் என்கிறது: உயிரோடிருந்தபோது கணவன் மனைவியாக இல்லாதவர்களைக் கல்லறை மாற்றி ஒன்றாக அடக்குவது, இளமையில் இறந்தவரை மணமுடித்துக் கொடுப்பது. இரண்டாவதை ஜியாஷாங் என்பர். ஷாங் என்பது பத்தொன்பது வயதுக்குள் நேரும் சாவு. சடங்கு நூல்கள் அதையும் 19 முதல் 16 வரை, 15 முதல் 12 வரை, 11 முதல் 8 வரை என்று பிரித்து, துக்கம் காக்கும் முறையைப் படிப்படியாகக் குறைத்துச் சொல்கின்றன.

தடை இருந்தும் அரண்மனைகளே அதைப் பின்பற்றவில்லை. 208ஆம் ஆண்டில், ஹான் மரபின் இறுதிக்காலத்தில் அதிகாரம் செலுத்திய படைத்தலைவர் சாவ் சாவின் மகன் சாவ் சோங் பதின்மூன்று வயதில் இறந்தான்; யானையைப் படகில் ஏற்றி, நீர்மட்டத்தைக் குறித்து, அதன் எடையைக் கணக்கிட வழி சொன்ன சிறுவன் என்று சீனக் குழந்தைகள் இன்றும் படிப்பது அவனைப் பற்றித்தான். பிங் யுவான் என்ற அறிஞரின் மகளும் இறந்திருந்ததால், இருவரையும் சேர்த்து அடக்கலாம் என்று சாவ் சாவ் கேட்டார். அது முறையன்று என்று பிங் யுவான் மறுத்துவிட்டார். பிறகு ஜென் குடும்பத்தில் இறந்த பெண்ணொருத்தியைப் பெற்று மகனோடு அடக்கினார் தந்தை.

தாங் மரபில், பேரரசி வூ சேதியானின் ஆணையால் 701இல் உயிரிழந்த அவருடைய பேரன் லி சோங்ருன், 706இல் இளவரசருக்குரிய சிறப்போடு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டபோது, பெய் என்னும் குடும்பத்தில் இறந்த ஒரு பெண் அவருக்கு மனைவியாக உடன் வைக்கப்பட்டாள். அதே காலத்தில், லி சோங்ருனின் தாயான பேரரசி வெய்யின் இறந்த தம்பிக்கு அமைச்சர் சியாவோ ஜிஜோங் தம்முடைய இறந்த மகளை மணமுடித்துக் கொடுத்திருந்தார். 710இல் அந்தப் பேரரசி வீழ்ந்ததும் சியாவோ கல்லறையைத் திறந்து மகளின் பேழையை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். முறிக்கத்தக்க சம்பந்தமாக, சட்டப்படி அமைந்த உறவாகவே இது கருதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதன் காரணம் வீட்டுப் படையல் மேடையில் இருக்கிறது. தந்தைவழிச் சீனக் குடும்பத்தில் இறந்தவரின் பெயர் பொறித்த மரப்பலகைக்கு வழித்தோன்றல்கள் உணவும் ஊதுபத்தியும் படைக்க வேண்டும். மணமாகாமல் இறந்த மகனுக்கு மனைவி வாய்த்துவிட்டால், உறவில் ஒரு பிள்ளையை அவன் பெயரில் தத்தெடுத்து அந்தக் கிளையைத் தொடரலாம். பெண்ணின் நிலை இன்னும் கடுமையானது. அவளுக்குப் பிறந்த வீட்டு மேடையில் இடமில்லை; இடம் கணவன் வீட்டில்தான், ஆனால் கணவன் இல்லை. தைவானில் அப்படி இறந்த பெண்ணின் பிறந்த நேரக் குறிப்பு, முடி, பணம் ஆகியவற்றைச் சிவப்பு உறையில் இட்டுத் தெருவில் போட்டுவிட்டு உறவினர் மறைந்து நிற்பார்கள், எடுப்பவரே மாப்பிள்ளை. அவர் அந்தப் பெண்ணின் பலகையை மணந்து தம் வீட்டில் வைக்க வேண்டும். பின்னர் உயிரோடிருக்கும் பெண்ணையும் மணந்துகொள்ளலாம். மகளுக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்க வேண்டுமே என்று தெருவோரம் காத்து நிற்கும் தாயை எண்ணிப் பார்த்தால், பேய் என்ற சொல் நாவில் எழாது. சிங்கப்பூரில் சீனர்கள் காகிதத்தால் மணமக்கள் உருவங்களைச் செய்து, சடங்கு முடிந்ததும் எரித்த வழக்கம் 1950களில் மானிடவியலாளரால் பதிவு செய்யப்பட்டுள்ளது.

இனி தமிழ்ச் சொல். நமக்குப் பேய் என்பது அஞ்சி விரட்டப்படுவது. அன்போடு படையலிடப்படுவதைத் தென்புலத்தார் என்றார் வள்ளுவர். 'ஆவி மணம்' என்றால் நீராவியின் வாசனை என்று படிக்க நேரும். 'மறுமை மணம்' மறுமணத்தோடு மயங்கும். 'நீத்தார் மணம்' என்றால், நீத்தார் பெருமை படித்தவர்களுக்குத் துறவியர் நினைவு வரும். சாவையும் மணத்தையும் சேர்த்து நாம் ஏற்கெனவே வழங்கும் 'கல்யாணச் சாவு' முதியவர் நிறைவாழ்வு வாழ்ந்து இறப்பதைக் குறிப்பது. அது மிங்ஹுனுக்கு நேர் எதிரானது. துளு மொழியில் குலெ மதிமெ என்ற சொல் உண்டு. அங்கும் இளமையில் இறந்த பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைக்கிறார்கள். தமிழகத்திலோ மணமாகாமல் இறந்த பெண் பிறந்த வீட்டிலேயே கன்னித் தெய்வமாகிவிடுவதால், நம்மிடம் ஆயத்தமான சொல் இல்லாதது இயல்பே. ஆகவே பொதுப் பெயராக 'இறந்தோர் திருமணம்' என்று எளிமையாக எழுதுவதே நல்லது. சீனச் சொல்லின் பொருளைக் காட்ட வேண்டிய இடத்தில் 'இருளுலகத் திருமணம்' எனலாம். பலகையை மணக்கும் தைவான் முறையைப் 'பெயர்ப்பலகைத் திருமணம்' என்று தனியே பிரித்துச் சொல்லலாம்.

இவ்வழக்கத்தின் பெயரால், வட சீனாவின் ஷான்ஷி, ஷான்சி மாநிலங்களில் மணமகளாக்கி விற்பதற்காகப் பெண்களின் உடல்கள் கல்லறையிலிருந்து திருடப்பட்டிருக்கின்றன, கொலைகளும் நடந்திருக்கின்றன. சீனக் குற்றவியல் சட்டத்தின் 302ஆம் பிரிவு உடல் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. 2015இல் எலும்பும் சாம்பலும் அதில் சேர்க்கப்பட்டன. இத்தகைய செய்திகளின் தலைப்பில் திருமணம் என்ற சொல்லே வரலாகாது. பிணத் திருட்டு, கொலை என்றே எழுத வேண்டும்.