கண்ணாடித் துகளா, வலக்கைத் துகளா?

பாளையங்கோட்டையில் ஒரு அறிவியல் கூட்டம். நுண்குழாயில் நீரை ஓடவிட்டுக் 'கண்ணாடித் துகள்களை'ப் பிரிப்பது பற்றிப் பேச்சு. பக்கத்தில் இருந்தவர் மெல்லக் கேட்டார்: "மாஞ்சா போடவா, சார்வாள்?" கேட்டதில் தப்பே இல்லை. கண்ணாடித் துகள் என்றால் தமிழில் நொறுங்கிய கண்ணாடிதான். நான் இதைக் கேட்பது நாலாவது தடவை.

பேசியவர் சொல்ல வந்தது ஆங்கிலத்தில் கைரல் (chiral) என்கிற துகள்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். எப்படித் திருப்பி வைத்தாலும் தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாதது, இடக்கையும் வலக்கையும் மாதிரி. கிரேக்கத்தில் 'கெய்ர்' என்றால் கை. அதிலிருந்து 1890களில் கெல்வின் பிரபு உண்டாக்கிய சொல். நம் 'கை'யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். உடனே குமரிக்கண்டத்துக்குக் கிளம்ப வேண்டாம்.

இதைவிட மோசம் 'சமச்சீரற்ற துகள்'. படித்தவர்கள் எழுதுவதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. வீட்டுச் சீலிங் ஃபேனைப் பாருங்கள். மூன்று இறக்கை; மூன்றில் ஒரு பங்கு சுற்றினால் பழையபடியே இருக்கும். சமச்சீருக்கு என்ன குறை? ஆனாலும் இறக்கைச் சாய்வால் அதன் ஆடிப் பிம்பம் வேறு ஃபேன். அதே திசையில் சுழற்றினால் காற்று கூரைக்குத்தான் போகும். சுருளும் இப்படித்தான். 2009இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் அடங்கிய குழு நுண்குழாயில் ஓடவிட்டது லெப்டோஸ்பைரா என்ற சுருள் பாக்டீரியாவை. எலிக்காய்ச்சல் கிருமியின் தீங்கற்ற சொந்தக்காரன். சுவரோரம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடும் நீர் சுருளைப் பக்கவாட்டில் ஒதுக்குகிறது. அதே இடத்தில் எதிர்முறுக்குச் சுருள் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். முறுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் இங்கே விஷயம். 'சமச்சீரற்ற' அதைத் தொடவே இல்லை.

தூத்துக்குடி நண்பர் ஒருவர் 'இடம்புரி, வலம்புரி' என்றார். சங்கு குளித்த ஊர்க்காரர், ஆசை இருக்காதா? சரி, அழகான சொற்கள்தான். ஆனால் நாம் வலம்புரி என்று பூஜையறையில் வைக்கும் அபூர்வச் சங்கை உயிரியலார் இடச்சுருள் என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இது ஏறினால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். அப்புறம் 'கைமை' என்று ஒருவர். கைம்மை என்றொரு சொல் இருப்பது அவருக்கு நினைவே வரவில்லை போல.

கைரலாக இருக்கும் பண்புக்கு இடவலத்தன்மை, துகளுக்கு இடக்கைத் துகள், வலக்கைத் துகள். என் ஓட்டு இவற்றுக்கே. சைக்கிளின் இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்று வண்ணார்பேட்டைக் கடைப் பையனுக்குக் கூடத் தெரியும். அவனுக்கு இந்தச் சொல் உறுத்தாது. பிடிக்காதவர்கள் கைரல் என்றே எழுதட்டும், எனக்குச் சம்மதம். கண்ணாடி மட்டும் வேண்டாம்.