கிளாரினெட் கொம்பு அல்ல

போன வாரம் ஓர் ஆவணப்படம் பார்த்தேன். தமிழில் குரல் கொடுத்தவர் கிளாரினெட்டும் சாக்சபோனும் வாசித்த ஜாஸ் கலைஞர் யூபேர் ரோஸ்தாங்கைப் 'பிரெஞ்சுக் கொம்பு வாத்தியக் கலைஞர்' என்றார். சற்று நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். இந்தக் 'கொம்பு' என் காதில் விழுவது இது மூன்றாவது தடவை.

சொல் வரலாறு சிறியது. லத்தீனில் 'கிளாருஸ்' என்றால் தெளிவானது. அதிலிருந்து 'கிளாரினோ' என்ற எக்காளப் பெயர் வந்தது; அதைச் சிறிதாக்கிச் சொன்ன வடிவம்தான் கிளாரினெட். சாக்சபோன், 1846இல் பாரிசில் அதற்குக் காப்புரிமை வாங்கிய அடால்ஃப் சாக்ஸின் பெயரால் வந்தது.

கொம்பு எங்கிருந்து முளைத்தது? ஜாஸ்காரர்கள் வாயால் ஊதும் எதையும் 'ஹார்ன்' என்பார்கள். அது அவர்கள் குழூஉக்குறி. மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டினார், கொம்பு கிடைத்தது, ஒட்டிவிட்டார். கோயில் திருவிழாவில் கொம்பு ஊதுவதை அவர் ஒருமுறையாவது பார்த்திருக்கலாம். பிறைபோல் வளைந்த உலோகக் குழாய்; விரல் வைக்கத் துளை கிடையாது, சீவாளி கிடையாது. ஊதுபவரின் உதடு அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. கிளாரினெட்டோ நேரான கருமரக் குழல். வாய் வைக்கும் முனையில் நாணல் தட்டையைச் சீவிய மெல்லிய தகடு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதிர்வது அதுதான். நாதஸ்வரச் சீவாளிக்கு இரண்டு இதழ், இதற்கு ஒன்று. சாக்சபோனுக்கும் அப்படியே, உடம்பு பித்தளை என்பதற்காக அதை எக்காளத்தோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி என்ன சொல்ல.

கிளாரினெட் என்ற பெயரே எக்காளத்திலிருந்து வந்ததுதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். பெயர் எங்கிருந்தும் வரட்டும். காதைக் கொடுத்துக் கேளுங்கள் ஐயா! இரண்டாம் உலகப் போர் மூண்டதும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிரப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட, கிதார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் தன் 'ஹாட் கிளப்' ஐவர் குழுவில் வயலின் இருந்த இடத்தில் ரோஸ்தாங்கின் கிளாரினெட்டை வைத்தார். 1940இல் பதிவான 'நுவாஜ்' (மேகங்கள்) பாட்டில் கிதாருக்குப் பின்னால் அந்தக் குழல் எவ்வளவு தணிந்து வருகிறது! வயலினுக்குப் பதிலாகக் கொம்பு ஊதியிருந்தால் கிதார் கேட்டிருக்குமா?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கிளாரினெட்' என்றே சொல்லலாம். ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசையையே அதில் வாசித்தார். கச்சேரிக்குப் போனவர்களுக்கு அது கிளாரினெட்தான். நானும் தனித்தமிழ்ப் பிடிப்புள்ளவன்தான். ஆனால் புதுச்சொல் கட்டத் தெரியவில்லை என்பதற்காக இன்னொரு கருவியின் பெயரைத் திருடக் கூடாது. விளக்கித்தான் ஆகவேண்டுமென்றால் 'ஒற்றைச் சீவாளிக் குழல்' என்று எழுதுங்கள். கிளாரினெட், சாக்சபோன் இரண்டும் வாசித்தவர் என்பதால் ரோஸ்தாங்கைத் துளைக்கருவிக் கலைஞர் என்றாலும் போதும்.

நிறுத்துவதற்கு முன் கேட்ட கடைசி வரியில், ஜாங்கோவின் அந்த ஹாட் கிளப் குழு 'சூடான மன்றத்தின் ஐவர்' ஆகியிருந்தது. 'ஹாட்' அன்றைய ஜாஸ் பாணி ஒன்றின் பெயர்.